கணினி எதை, எங்கே, எவ்வளவு காலம் நினைவில் வைத்திருக்கும்?

ஊட்டி கமர்ஷியல் ரோட்டிலோ குன்னூர் பெட்போர்டிலோ ஒரு மொபைல் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், ஒரு சொல் திரும்பத் திரும்பக் காதில் விழும்: மெமரி. "அண்ணா, மெமரி ஃபுல்னு வருது." "இந்த போன்ல மெமரி எவ்வளவு?" "லேப்டாப் ரொம்ப ஸ்லோ, மெமரி ஏத்திக் கொடுங்க." மூன்று பேரும் ஒரே சொல்லைச் சொன்னாலும் கேட்பது வேறு வேறு. முதலாமவருக்கு நிறைந்துபோனது படங்கள் தங்கும் இடம். இரண்டாமவருக்குத் தான் எதைக் கேட்கிறோம் என்பதே தெளிவில்லை. கடைக்காரர் "எட்டு, நூற்றிருபத்தெட்டு" என்று இரண்டு எண்களைச் சொல்ல, பெரிய எண்ணை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு கிளம்புவார். மூன்றாமவருக்கு ரேம் போதாமல் இருக்கலாம். ரேம் நன்றாகவே இருந்து பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது என்றும் இருக்கலாம்.

இந்தக் குழப்பத்தால் பணம் வீணாகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. பிள்ளையின் முதல் பிறந்தநாள் படங்களை ஒரே ஒரு பென் டிரைவில் போட்டு, பீரோவுக்குள் வைத்துவிட்டு, இனி கவலையில்லை என்று நம்புகிறோம். பல ஆண்டு கழித்துச் செருகிப் பார்த்தால் அது வாயே திறப்பதில்லை.

வேகம், மலிவு, நிரந்தரம் மூன்றையும் சேர்த்துத் தரும் ஒரு பொருள் இதுவரை யார் கையிலும் அகப்படவில்லை. கணினி நினைவகத்தின் முக்கால் நூற்றாண்டு வரலாற்றை இந்த ஒரு வரிக்குள் அடக்கிவிடலாம். வந்துபோன ஒவ்வொரு தொழில்நுட்பமும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்திருக்கிறது. எதை விட்டுக்கொடுத்தது என்று புரிந்தால், உங்கள் கையில் இருக்கும் பொருள் எப்படி மறக்கும் என்பதும் புரிந்துவிடும்.

## எடை மேடையும் சிலேட்டும்

கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை எடை போடும் இடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். சிறு விவசாயிகள் வரிசையாகச் சாக்கைக் கொண்டுவந்து தராசில் வைக்கிறார்கள். கணக்கப்பிள்ளை கையில் ஒரு சிலேட்டு. எடையை அதில் எழுதுகிறார், கூட்டுகிறார், ஈரத் தேயிலைக்குக் கழிக்கிறார், அழித்துவிட்டு அடுத்ததை எழுதுகிறார். ஆபீஸ் அறையில் ஒரு பெரிய பேரேடு இருக்கிறது. கணக்கு முடிந்ததும் அங்கே போய் மையால் பதிந்துவிட்டு வருகிறார்.

சிலேட்டு கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. எழுதுவதும் அழிப்பதும் நொடி வேலை. ஆனால் சின்னது, ஒரு தூறல் விழுந்தால் எழுதியது போச்சு. பேரேடு பெரியது, எழுதியது நிற்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் நடந்து போய்ப் புரட்டித் தேடவேண்டும்.

கணக்கப்பிள்ளைதான் பிராசஸர், அதாவது கணக்குப் போடும் பகுதி. சிலேட்டுதான் ரேம்: இப்போது நடந்துகொண்டிருக்கும் வேலைக்கான தற்காலிக இடம், மின்சாரம் நின்றால் காலி. பேரேடுதான் ஸ்டோரேஜ்: மின்சாரம் இல்லாவிட்டாலும் தகவல் தங்கும் இடம். "எட்டு, நூற்றிருபத்தெட்டு" என்று கடைக்காரர் சொன்னதில் எட்டு ஜிபி சிலேட்டு, நூற்றிருபத்தெட்டு ஜிபி பேரேடு.

இப்போது லேப்டாப் ஏன் திணறுகிறது என்று பார்க்கலாம். பேரேட்டை இரண்டு மடங்கு தடிமனாக்கினால் கணக்கப்பிள்ளையின் கை வேகமாகிவிடாது. சிலேட்டு சின்னதாக இருந்தால்தான் சிக்கல். பாதிக் கணக்கில் இடம் தீர்ந்து, மீதியைப் பேரேட்டில் குறித்துவைக்க ஓடுகிறார், திரும்ப வந்து எழுதுகிறார், மறுபடி ஓடுகிறார். நேரமெல்லாம் நடையிலேயே போகிறது. பிரவுசரில் பத்துப் பதினைந்து பக்கங்களைத் திறந்துவைத்தால் ரேம் குறைவான கணினி செய்வதும் இதேதான்.

அந்த நடை எவ்வளவு தூரம்? ரேமிலிருந்து ஒரு தகவலை எடுக்கச் சுமார் 100 நானோ வினாடி ஆகும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துளிதான் நானோ வினாடி. எஸ்எஸ்டி என்னும் இன்றைய ஸ்டோரேஜுக்கு அதைப்போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு நேரம் பிடிக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு லட்சம் மடங்கு. சிலேட்டைப் பார்க்க ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், எஸ்எஸ்டி என்ற பேரேட்டைப் பார்த்துவரப் பதினேழு நிமிடம். ஹார்ட் டிஸ்க் என்றால் ஒரு பகல் ஓர் இரவு போய் மறுநாளும் கொஞ்சம் ஆகிவிடும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் புதிது போல ஓடுகிறதே, அதற்கு இதுதான் காரணம்.

சரி, இதுவரை பார்த்தது: ரேம் வேகமானது, சின்னது, மறக்கும். ஸ்டோரேஜ் மெதுவானது, பெரியது, தங்கும். வேகக் குறைவும் இடப் பற்றாக்குறையும் வேறு வேறு நோய்கள்.

## இரண்டு நிலைகள் இருந்தால் போதும்

கணினிக்குள் எல்லாமே 0, 1 என்ற இரண்டு குறிகள்தான். அப்படி ஒரு குறிக்குப் பெயர் பிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். இரண்டு நிலைகளில் நிற்கக்கூடிய, எந்த நிலையில் நிற்கிறது என்று பிறகு பார்த்துச் சொல்லக்கூடிய எந்தப் பொருளும் ஒரு பிட்டை நினைவில் வைக்கும். அட்டையில் துளை இருக்கிறது, இல்லை. காந்தம் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. நினைவகத்தின் வரலாறு முழுக்க இப்படிப்பட்ட பொருளைத் தேடிய வரலாறுதான்.

துளை அட்டைதான் பெரிய அளவில் வேலை செய்த முதல் வழி. 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் துளை அட்டைகளைக் கொண்டு எண்ணி முடித்தார். அட்டை மறக்காது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கின் நடுவே அட்டையில் துளை போட்டு அழித்து எழுத முடியாது. கணினிக்கு ஒரு சிலேட்டு தேவைப்பட்டது.

1948 ஜூன் 21 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில், நிரலை, அதாவது தான் செய்யவேண்டிய கட்டளைகளின் தொகுப்பை, தன் மின்னணு நினைவகத்திலேயே வைத்துக்கொண்டு ஓடிய முதல் கணினி வேலை செய்தது. 'பேபி' என்று செல்லமாக அழைத்தார்கள். பழைய டிவியில் இருப்பது போன்ற ஒரு படக்குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக அது பிட்டுகளை வைத்திருந்தது. மொத்தம் 1,024 பிட், அதாவது 128 பைட். இன்று நாம் போனில் தட்டும் தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு கால், கொம்பு, புள்ளிக்கும் மூன்று மூன்று பைட் ஆகிறது. 'நீலகிரி' என்று எழுதினால் 21 பைட். பேபியின் நினைவகம் முழுவதும் சேர்த்து 'நீலகிரி' என்று ஆறு முறை எழுதலாம், அவ்வளவுதான்.

அந்தத் திரைப் புள்ளிகள் ஒரு வினாடிகூட நிற்காது, கரைந்துவிடும். அதனால் கணினி அவற்றை ஓயாமல் படித்துப் படித்துத் திரும்ப எழுதிக்கொண்டே இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் போனுக்குள் இதே வேலை இப்போதும் நடக்கிறது.

## மின்சாரம் போனாலும் மறக்காத மெமரி

மெமரி என்றால் மறக்கும், ஸ்டோரேஜ் என்றால் மறக்காது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. இன்றைக்கு அது சரி. ஆனால் 1950-களின் நடுவிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை உலகின் கணினிகளில் பெரும்பாலானவை மறக்காத மெமரியோடுதான் ஓடின. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது.

அதன் பெயர் காந்த உள்ளக நினைவகம், கோர் மெமரி. கடுகைவிடச் சிறிதாகக்கூட அமைந்த ஃபெரைட் வளையங்கள். ஃபெரைட் என்பது இரும்பு ஆக்சைடு கலந்த ஒரு பீங்கான். ஒரு வளையத்துக்கு ஒரு பிட். வளையத்தின் காந்தம் வலம் சுற்றினால் ஒன்று, இடம் சுற்றினால் பூஜ்யம். வளையங்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மெல்லிய கம்பிகளில் கோத்திருப்பார்கள். ஒரு வளையத்தை மட்டும் தேர்ந்தெடுக்க, அதன் வழியே போகும் நெடுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டம், குறுக்குக் கம்பியில் பாதி மின்னோட்டம். பாதி மட்டும் கிடைத்த வளையங்கள் அசையாது. இரண்டு பாதியும் சந்திக்கும் அந்த ஒரே வளையம் மட்டும் புரளும். ஆயிரக்கணக்கான வளையங்களில் ஒன்றைத் தொட இவ்வளவு எளிய வழி!

படிப்பதில்தான் ஒரு சங்கடம். வளையம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அறிய, அதைப் பூஜ்யத்தின் பக்கம் தள்ளிப் பார்க்கவேண்டும். புரண்டால் அது ஒன்றாக இருந்தது என்று பொருள். ஆனால் பார்த்த மாத்திரத்தில் தகவல் அழிந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு முறை படித்ததும் உடனே திரும்ப எழுதினார்கள்.

அமெரிக்காவின் எம்ஐடியில் ஜே ஃபாரஸ்டர் குழு 1953-ல் வேர்ல்விண்ட் என்ற கணினியில் இதை ஓடவைத்தது. நம் நாட்டிலும் வந்தது. ஊட்டி முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியைத் தெரியும் அல்லவா? அதைக் கட்டிய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1960-ல், மும்பையில் டிஃப்ராக் என்ற கணினியைச் சொந்தமாக உருவாக்கி ஓட்டியது. அதன் கோர் மெமரியில் 40 பிட் கொண்ட சொற்கள் 2,048 இருந்தன. பெருக்கினால் 81,920 பிட், 10 கிலோபைட்.

வளையங்களைக் கம்பியில் கோத்தது பெரும்பாலும் பெண்கள், உருப்பெருக்கியில் பார்த்துப் பார்த்து, கையால். அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டிக் கணினிக்கான நிரலையே கம்பியும் வளையமுமாகப் பின்னித்தான் கொடுத்தார்கள். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் ஒன்று, வெளியே போனால் பூஜ்யம். நிலவுக்குப் போன கணக்குகள் பெண் தொழிலாளர்களின் கைப்பின்னல்மேல் ஓடின. கணினி வரலாற்றில் அவர்கள் பெயர் இல்லாமல் போனது நியாயமில்லை.

## மறக்கும் மெமரி ஏன் ஜெயித்தது

கையால் கோப்பதற்கு ஒரு எல்லை உண்டு. 1966-ல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் ஒரு யோசனையைப் பிடித்தார். ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும் போதும். டிரான்சிஸ்டர் என்பது மின்சாரத்தால் திறந்து மூடும் நுண்ணிய சுவிட்ச். கெபாசிட்டர் என்பது கொஞ்சம் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் இடம். மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம். இதற்கு டிராம் என்று பெயர். இன்றைய போன், லேப்டாப் எல்லாவற்றின் ரேமும் இதுதான்.

இதைச் சிலிக்கான் சில்லில் அச்சடிப்பது போல மொத்தமாகச் செய்யலாம். 1970-ல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லில் 1,024 பிட் இருந்தது, பேபியின் மொத்த நினைவகத்துக்குச் சமம். சில ஆண்டுகளில் கோர் மெமரியின் கதை முடிந்தது. மறக்காமல் இருப்பது என்ற பெரிய குணத்தை உலகம் விட்டுக்கொடுத்து, மலிவை வாங்கிக்கொண்டது.

எதனால் மறக்கிறது? கெபாசிட்டரில் பிடித்துவைத்த மின்னூட்டம் அவ்வளவு சிறியது, தானாகவே கசிந்துவிடும். அதனால் ரேம் தன் ஒவ்வொரு பிட்டையும் பொதுவாக 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப எழுதுகிறது. இதற்குப் புதுப்பித்தல் என்று பெயர். 8 ஜிபி ரேமில் 6,800 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் இருக்கின்றன. அத்தனையும் வினாடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல் புதுப்பிக்கப்படுகின்றன. ஆடி மாதக் காற்றில் மரம் விழுந்து கரன்ட் போனால், அந்தச் சுற்று நிற்கிறது, நீங்கள் சேமிக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்த விண்ணப்பம் கரைந்துபோகிறது.

குளிரில் இந்தக் கசிவு மெதுவாகும். 2008-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ரேம் சில்லைக் கடுமையாகக் குளிரவைத்து, மின்சாரம் நின்ற பிறகும் நிமிடக் கணக்கில் தகவல் தங்குவதைக் காட்டினார்கள். அதற்காக ஜனவரி உறைபனியில் ஊட்டி லேப்டாப்புகள் மறக்காமல் இருக்கும் என்று நினைக்கவேண்டாம். ஓடும் லேப்டாப்பின் உள்ளே எப்போதும் சூடுதான்.

இத்தனை வேகமான ரேம்கூட பிராசஸருக்கு மெதுவானதுதான். அதனால் பிராசஸருக்குள்ளேயே கேஷ் என்ற மிகச் சிறிய, மிக வேகமான நினைவகம் ஒன்று உண்டு. அதில் ஒரு பிட்டுக்குப் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர் செலவாகிறது. அந்த விலையில் எட்டு ஜிபி செய்ய யாராலும் கட்டுப்படியாகாது.

ஆக, ரேம் மறப்பதற்குக் காரணம் கோளாறு கிடையாது. மலிவுக்காகவும் அளவுக்காகவும் தெரிந்தே ஏற்றுக்கொண்ட குணம் அது.

## சுழலும் தட்டும் மலைக்காற்றும்

பேரேட்டின் பக்கம் வருவோம். 1950-களின் தொடக்கத்தில் காந்த நாடா வந்தது. நாடாவில் நிறைய எழுதலாம், ஆனால் நடுவில் இருப்பதைத் தேட முழுக்கச் சுற்றவேண்டும். 1956-ல் ஐபிஎம் கொண்டுவந்த ராமக் என்ற இயந்திரம் அந்தத் தொல்லையைத் தீர்த்தது. இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் ஒரு அச்சில் சுழலும், எழுதிப் படிக்கும் முனை வேண்டிய தட்டுக்கு நேராகப் போய் நிற்கும். எடை ஏறத்தாழ ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல படம் அதை நிறைத்துவிடும்.

இன்றைய ஹார்ட் டிஸ்க்கும் அதே தத்துவம்தான். மெல்லிய காந்தப் பூச்சு கொண்ட தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுழலும். அதன்மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோ மீட்டர் உயரத்தில் மிதக்கும். மனிதத் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோ மீட்டர்.

முனையை மிதக்கவைப்பது எது? தட்டு சுழலும்போது அதோடு இழுபடும் காற்று. மலைவாசிகள் கவனிக்கவேண்டிய இடம் இது. உயரம் ஏற ஏறக் காற்றின் அடர்த்தி குறையும், தூக்கும் விசையும் குறையும். அதனால் பல ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 10,000 அடி, அதாவது 3,048 மீட்டர் வரைதான் இயக்கலாம் என்று தயாரிப்பாளர்களே எல்லை வைத்திருக்கிறார்கள். ஊட்டி 2,240 மீட்டர், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகவே நீலகிரியிலோ கொடைக்கானலிலோ இதனால் பயமில்லை. அதைவிட உயரமான லடாக்கின் லே நகரத்தில் கதை வேறு. இப்போது வரும் பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் ஹீலியத்தை அடைத்து மூடிவிடுகிறார்கள், அவற்றுக்கு வெளிக்காற்றோடு சம்பந்தமே இல்லை.

நமக்கு உண்மையான ஆபத்து கீழே விழுவதும் அடிபடுவதும். மிதக்கும் முனை தட்டில் உரசினால் அந்த இடத்துத் தகவல் சுரண்டப்பட்டுவிடும். ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு வேலை செய்யவேண்டாம்.

பிளாப்பி, சிடி, டிவிடி எல்லாம் இந்தக் காலத்தில் வந்துபோனவை. பிளாப்பி 1971-ல் வந்தது. பிறகு பரவலான மூன்றரை அங்குலப் பிளாப்பியில் 1.44 எம்பி. சிடி 1982-ல் பாட்டுக்காக வந்து, பிறகு 700 எம்பி வரை தகவலுக்கும் பயன்பட்டது. காந்த நாடா மட்டும் சாகவில்லை. பெரிய தகவல் மையங்கள் இன்றும் எப்போதாவது தேவைப்படும் தகவலை நாடாவில்தான் எழுதி அலமாரியில் வைக்கின்றன; 2021-ல் வந்த எல்டிஓ-9 நாடா ஒன்றில் 18 டிபி, அதாவது 18,000 ஜிபி. வீட்டில் இருக்கும் கல்யாண வீடியோ கேசட்டும் காந்த நாடாதான். மழைக்காலத்தின் ஈரத்தில் அதில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். பூஞ்சையோடு பிளேயரில் போட்டு ஓட்டினால் நாடாவும் போகும், பிளேயரும் போகும்.

## சிறைப்பட்ட எலக்ட்ரான்கள்

மெமரி கார்டு, பென் டிரைவ், எஸ்எஸ்டி, போனின் 128 ஜிபி எல்லாமே ஒரே தொழில்நுட்பம்: ஃப்ளாஷ். 1980-களில் தோஷிபாவில் ஃபுஜியோ மசுவோகா உருவாக்கியது.

டிராமில் மின்னூட்டம் கசிந்துவிடுகிறது என்று பார்த்தோம். ஃப்ளாஷில் எலக்ட்ரான்களைச் சுற்றிலும் மின்காப்புச் சுவர் எழுப்பி உள்ளே அடைத்துவிடுகிறார்கள். போக வழியில்லாததால் மின்சாரம் இல்லாவிட்டாலும் அவை அங்கேயே இருக்கும். உள்ளே இருந்தால் ஒரு குறி, இல்லாவிட்டால் மற்றது. சுழலும் தட்டு இல்லை, சத்தமில்லை, அடிபட்டாலும் தாங்கும்.

சரி, சுவருக்குள் எலக்ட்ரானை எப்படி அனுப்புவது? வழக்கத்தைவிட அதிக மின்னழுத்தம் கொடுத்தால் அவை சுவரை ஊடுருவிப் போகும். ஒவ்வொரு முறை ஊடுருவும்போதும் சுவர் கொஞ்சம் பலவீனமாகும். அதனால் ஃப்ளாஷின் ஒவ்வொரு பகுதியையும் பொதுவாகச் சில ஆயிரம் தடவைதான் அழித்து எழுதமுடியும். ஒரே இடத்தில் தேய்மானம் சேராமல் எழுத்தைப் பரவலாகப் பகிர்ந்துவிட உள்ளேயே ஒரு சிறு கட்டுப்பாட்டுச் சில் இருக்கும். நல்ல எஸ்எஸ்டிக்கும் மலிவுப் பென் டிரைவுக்கும் பெரிய வித்தியாசம் இந்த இடத்தில் வருகிறது.

இன்னொன்று, ஃப்ளாஷில் எழுத்து எழுத்தாக அழிக்க முடியாது, பெரிய தொகுதியாகத்தான் அழிக்கவேண்டும். அதற்குக் காலி இடம் தேவை. ஸ்டோரேஜ் விளிம்பு வரை நிரம்பிய போன் மந்தமாவது இதனால்தான். "படத்தையெல்லாம் அழிச்சா வேகமாகும்" என்று கடைக்காரர் சொல்வதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு.

சுவர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஆண்டுக்கணக்கில் எலக்ட்ரான்கள் மெல்லக் கசியத்தான் செய்யும், வெயிலில் இன்னும் வேகமாக. பயன்படுத்தித் தேய்ந்த பென் டிரைவைப் பல ஆண்டுகள் சும்மா போட்டுவைத்தால் அதில் எழுதியது நிச்சயமில்லை.

இதுவரைக்கும் மறதிகளை வரிசைப்படுத்தினால்: ரேம் கரன்ட் போனதும் மறக்கும், ஹார்ட் டிஸ்க் அடிபட்டு மறக்கும், நாடா ஈரத்தில் மறக்கும், ஃப்ளாஷ் தேய்ந்தும் கசிந்தும் மறக்கும்.

## கொடைக்கானலின் கண்ணாடித் தகடுகள்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கியது. 1904-லிருந்து அங்கே சூரியனைப் புகைப்படத் தகடுகளில் பதிவு செய்துவந்தார்கள். தகட்டில் வெள்ளி உப்பு கலந்த மெல்லிய பூச்சு, வெளிச்சம் பட்ட இடத்தில் கறுக்கும். அந்தத் தகடுகளை இப்போது டிஜிட்டலாக்கி, நூறு ஆண்டுச் சூரியப் புள்ளிகளின் போக்கை ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் வெளிச்சத்தில் பிடித்தாலே சூரியன் தெரியும் என்பதுதான் அவற்றின் பலம். 1990-களின் பிளாப்பி ஒன்றை இன்று படிக்கவேண்டுமானால் முதலில் பிளாப்பி டிரைவைத் தேடி அலையவேண்டும். தகவல் தங்கினால் மட்டும் போதாது, படிக்கும் கருவியும் தங்கவேண்டும்.

ஊட்டிக்கும் இந்தக் கதையில் பங்குண்டு. 1960-ல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், இந்து நகரில் பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் செய்தது. பிலிமும் ஒரு சேமிப்பு ஊடகம்தானே. அந்த நிறுவனம் 1990-களிலேயே பல காரணங்களால் நலிந்துவிட்டது. அதன்பின் கேமராவுக்குள் பிலிமின் இடத்தை ஃப்ளாஷ் கார்டு பிடித்தபோது, அது மீள்வதற்கான சந்தையே இல்லாமல் போனது. எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பு அதை நம்பியிருந்தது என்பது நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும்.

## வானத்திலிருந்து விழும் பிழை

விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்கள் காற்று மண்டலத்தில் மோதி மழை போலச் சிறு துகள்களைப் பொழிகின்றன. இவைதான் காஸ்மிக் கதிர்கள். ஊட்டியில் கிரேப்ஸ்-3 என்ற ஆய்வகம் நூற்றுக்கணக்கான உணர்கருவிகளைப் பரப்பி இவற்றைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

அப்படி ஒரு துகள் ரேமின் ஒரு பிட்டுக்கு அருகே மோதினால் பூஜ்யம் ஒன்றாகப் புரளலாம். சில் கெட்டுப்போகாது, தகவல் மட்டும் மாறிவிடும். 2003-ல் பெல்ஜியத்தில் மின்னணுத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு 4,096 ஓட்டுகள் கூடுதலாக வந்தன. கணினி எண்களை எழுதும் முறையில் ஒவ்வொரு பிட்டுக்கும் 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் மதிப்பு உண்டு; 4,096 என்பது அப்படி ஒற்றைப் பிட் ஒன்றின் மதிப்பு. காஸ்மிக் கதிரால் ஒரு பிட் புரண்டிருக்கலாம் என்று கருதப்பட்டது.

உயரத்தில் இத்துகள்கள் அதிகம். ஆனால் தமிழ்நாடு பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் காந்தப்புலமே பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. வீட்டுக் கணினிக்காக யாரும் கவலைப்படவேண்டாம். வங்கி, மருத்துவமனை சர்வர்களில் பிழையைத் தானே கண்டுபிடித்துத் திருத்தும் ரேம் போடுகிறார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் சில கூடுதல் சரிபார்ப்புப் பிட்டுகளைச் சேர்த்துவைக்கும் இந்த முறையை ரிச்சர்ட் ஹாமிங் 1950-ல் வெளியிட்டார்.

## கடைக்குப் போகும் முன்

128 ஜிபி கார்டு வாங்கினேன், கணினி 119 என்று காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்களா? இல்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபியை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, 107 கோடி சொச்சம் என்று எண்ணுகிறது. பைட்டுகள் ஒன்றுதான், அளவுகோல் வேறு. ஆனால் 119-க்குப் பதில் 60 என்று காட்டினாலோ, பாதி நிரம்பியதும் கோப்புகள் கெட்டுப்போனாலோ, அது போலிக் கார்டாக இருக்கலாம்.

"8 + 8 ஜிபி ரேம்" என்று எழுதியிருந்தால் இரண்டாவது எட்டு ரேம் கிடையாது, ஸ்டோரேஜின் ஒரு பகுதியைச் சிலேட்டு போலப் பயன்படுத்துவது. ஆயிரம் மடங்கு நடையை மறந்துவிடாதீர்கள். அந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தரவேண்டாம். ரேம் கிளீனர் செயலிகளும் வேண்டாம். போன் வாட்ஸ்அப்பை ரேமில் வைத்திருப்பது அடுத்த முறை சட்டென்று திறக்கத்தான். அதைத் துடைத்தெறிந்தால் மறுபடி ஸ்டோரேஜிலிருந்து ஏற்றவேண்டும், பேட்டரியும் தீரும்.

ஹார்ட் டிஸ்க்கிலோ மெமரி கார்டிலோ ஒரு கோப்பை அழித்தால் பெரும்பாலும் பேரேட்டின் பொருளடக்கத்தில் உள்ள வரிதான் அடிக்கப்படுகிறது. பக்கம், வேறு ஏதாவது அதன்மேல் எழுதப்படும்வரை அப்படியே இருக்கும். தவறி அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் மீட்டெடுக்கக் கொடுங்கள். பழைய கணினியை விற்கும்போதும் இதையே நினைவில் வையுங்கள். இப்போதைய போன்களில் தகவல் பூட்டியே எழுதப்படுகிறது, முழு ரீசெட் செய்தால் சாவி அழிந்துவிடும்.

அப்புறம், படங்கள். எந்த ஊடகமும் தனியாக நம்பத் தகுந்ததல்ல என்பதால் மூன்று நகல் வையுங்கள்: போனில் ஒன்று, வீட்டில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்பது கிளவுடாக இருக்கலாம், கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா வீட்டு டிஸ்க்காகவும் இருக்கலாம். கிளவுட் என்பது வேறெங்கோ ஒரு கட்டிடத்தில் ஓடும் ஹார்ட் டிஸ்க்குகளும் எஸ்எஸ்டிகளும்தான். போனோடு இணைத்துவைத்திருந்தால், போனில் அழித்தது அங்கேயும் அழியக்கூடும், அமைப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டு டிஸ்க்கை, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்து, வருஷத்துக்கு ஒருமுறை செருகிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கல்யாணக் கேசட் இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே டிஜிட்டலாக மாற்றிவிடுங்கள். பூஞ்சை தெரிந்தால் நீங்களே துடைக்காமல், கேசட்டைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.